புளி தேய்த்த தகடு

மாதேசு,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் பொய் சொன்னேன். "ப்பா, அந்தப் பச்சைக் காருக்கு வேற எங்கயாச்சும் நம்பர் அடிச்சிருப்பாங்களா?" என்று கேட்டாய். "எனக்கென்னப்பா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போவதுபோல எழுந்து போனேன். பால் காலையிலேயே வாங்கி வைத்திருந்தேன். தெருமுனைப் பெட்டிக்கடை வாசலில் அரைமணி நேரம் சும்மா நின்றேன். திரும்பி வந்தபோது நீ பெங்களூருக்குக் கிளம்பிப் போயிருந்தாய். நீ குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. எனக்குத் தெரியும் மாதேசு. அந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பதினான்கு வருஷமாக அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் நான் செய்த பெரிய காரியம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். உனக்குக் கன்னடம் ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது. நல்லதுதான், மெதுவாகவே படி.

வருகிற வாரம் நீ நஜர்பாத் பங்களாவுக்குப் போய், அங்கே இருக்கிற பதினோரு பழைய கார்களையும் பார்த்து, ஏலத்துக்கு அறிக்கை எழுதப்போகிறாய். அந்த வீட்டு மெக்கானிக்கின் மகன் நீ என்பதை உன் மேலதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாய் என்றும், அதனால் அறிக்கையில் கையெழுத்துப் போட இன்னொருவரும் கூட வருகிறார் என்றும் சொன்னாய். நல்ல புத்தி, அது உன் அம்மா புத்தி. ஆனால் அந்த வீட்டாருக்கு நீ யாரென்று இன்னும் தெரியாது. தாடி, கண்ணாடி, கழுத்தில் கம்பெனி அட்டை எல்லாம் சேர்ந்து உன்னை மறைத்துவிட்டன. முதல் தடவை பேசப் போனபோது அந்த வீட்டு மகன் சின்னவருக்கு உன்னை அடையாளமே தெரியவில்லை. பார், எழுதும்போதுகூட 'சின்னவருக்கு' என்று மரியாதை வந்து விழுகிறது. பத்தொன்பது வருஷப் பழக்கம். இனிமேல் அவன் என்றே எழுதுகிறேன். அவன் அப்பாவை மட்டும் எஜமானர் என்றே எழுதுகிறேன், வயது எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது.

நான் கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து, மண்டி மொகல்லாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் எஜமானர் என்னைப் பிடித்தார். அவருடைய ஜீப்புக்குக் கார்புரேட்டர் பார்த்தேன். மறுநாளே ஆள் அனுப்பினார். பங்களாவுக்குப் பின்னால் ஒரு குதிரை லாயம். வெளியிலிருந்து பார்த்தால் விறகு அடுக்கி வைத்த கொட்டகை, அதற்குப் பின்னால் வெறும் சுவர். விறகை ஒதுக்கினால் ஒரு தகரக் கதவு. அதைத் திறந்தால் பதினோரு கார்கள், மகாராஜா காலத்து வண்டிகள். அவருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் எஸ்டேட் பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தது. இந்தக் கார்கள் எப்போதோ விற்றுப்போய்விட்டன என்று அவர் கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். "நீன், நான், தேவரு. மூறே ஜன" என்று என்னிடம் சொன்னார். நீ, நான், கடவுள், மூன்றே பேருக்குத்தான் தெரியும் என்று. நான் அந்த வார்த்தையில் மயங்கிவிட்டேன். கடவுளுக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்தாரே என்று ஊரெல்லாம் சொல்லத் துடித்தேன், சொல்ல முடியாததனால் உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். ஒருவர் உன்னை ரகசியத்துக்குக் கூட்டாளியாக்கினால் பெருமைப்படாதே மாதேசு. நாளைக்குப் பழி போட ஆள் வேண்டும் என்றால் முதலில் உன்னைத்தான் பார்ப்பார்கள். வெளியே தெரியாமல் செய்த வேலைக்கு வெளியே சாட்சியும் கிடையாது.

அந்தக் கார்களுக்கு வருஷத்தில் ஒருநாள்தான் திருநாள். ஆயுத பூஜை அன்று விறகை ஒதுக்கி, ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, லாயத்து முற்றத்தில் நிறுத்துவோம். வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்து அணைப்பேன். ஊர் முழுக்க அன்று வண்டிச் சத்தமும் பட்டாசும் இருப்பதால் எங்கள் சத்தம் யாருக்கும் தெரியாது. முதல் நாள் கழுவித் துடைக்க உன் அம்மாவும் வருவாள். மூன்றாவது வருஷமோ என்னவோ, பச்சைக் காரின் பானெட்டைத் திறந்து வைத்திருந்தேன். உள்ளே, என்ஜினுக்குப் பின்னால், கார் செய்த கம்பெனி அடித்து வைத்த ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். அதில்தான் வண்டியின் நம்பர். கறுத்துப் போயிருந்தது. "ஏனுங்க, சாமி கும்புடற நாளுல இது இப்படி கரிப்பிடிச்சுக் கெடக்குதே" என்றாள். வீட்டிலிருந்து புளியும் செங்கல் பொடியும் கொண்டுவந்து, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டாள். தங்கம் மாதிரி மின்னியது. எஜமானியம்மா பார்த்துவிட்டு அவளுக்கு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஆயுத பூஜைக்கு ஒருமுறை, யுகாதிக்கு ஒருமுறை என்று அது வழக்கமாகிவிட்டது.

வருஷா வருஷம் தகடு மின்னியது, நம்பர் மங்கியது. நான் பார்க்காமல் இல்லை. கடைசிக் காலத்தில் எழுத்து இருந்த இடத்தை விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும். "நம்பர் ஆர்.சி. புத்தகத்துல இருக்குது, தகடு சுத்தமா இருந்தாச் சரி" என்று நானே சொன்னேன். இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரன் ஊரில் அந்தத் தகட்டைக் கண்ணாடி போட்டு வைப்பானாம். நாங்கள் அதைச் சாமிப் பாத்திரமாக நினைத்தோம். கள்ளத்தனமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை, பக்தி. பக்தியால் தேய்ந்துபோன நம்பர் அது.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீ அப்போது இரண்டாம் பி.யு.சி. ஆயுத பூஜை அன்று பூசணிக்காய் உடைக்க உன்னையும் கூட்டி வந்திருந்தேன். எஜமானருக்கு அந்தச் சமயம் பணமுடை, பச்சைக் காரை ரகசியமாக விற்றுவிடலாம் என்று அவர் மகன் ஏற்பாடு செய்து, பம்பாயிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து வந்திருந்தான். நிபுணர் பானெட்டைத் திறந்தார், டார்ச் அடித்தார், தகட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. இது ஒரிஜினல் தகடு இல்லை, யாரோ கழற்றி விற்றுவிட்டு மொட்டைத் தகட்டை வைத்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஒரிஜினல் தகடு ஒன்று கையில் இருந்தால் எங்கோ ஒருவன் பொய்க் கார் செய்து அதற்கு உண்மையான பிறப்புச் சான்றிதழை மாட்டிவிடலாமே. அதற்கு ஆள் யார் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. விறகுக்குப் பின்னால் இருக்கிற கதவு அந்த வீட்டாரை விட்டால் எனக்கு மட்டும்தானே தெரியும்.

"கள்ள நன் மகனே! எல்லிட்டிதீயோ ஒரிஜினலு?" என்று எஜமானர் என் சட்டையைப் பிடித்தார். திருட்டுப் பயலே, ஒரிஜினலை எங்கே வைத்திருக்கிறாய் என்று. திருடன் என்ற சொல்லுக்கு எனக்கு முன்னால் உன் முகம் வெளுத்தது, உனக்குத்தான் கன்னடம் சீக்கிரம் ஏறும். அப்போது உன் அம்மா ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, அவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நாந்தானுங்க புளி போட்டுத் தேச்சேன். வெளக்குத் தேய்க்கறாப்புல தேச்சுப்போட்டனுங்க" என்றாள். மைசூருக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அவள் பேசியதே இல்லை. உண்மையை முழுசாக, ஒரு வார்த்தை மறைக்காமல் சொன்னாள். அதற்கு அந்த மகன் என்ன செய்தான்? சிரித்தான். நிபுணரைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி அவரையும் சிரிக்க வைத்தான். பிறகு எங்களுக்கும் புரியட்டும் என்று, "காரிகெ ரசம் மாடிதாளந்தெ!" என்றான். காருக்கு ரசம் வைத்தாளாம். கூச்சல் கேட்டு முற்றத்துக்கு ஓடிவந்திருந்த வாட்ச்மேன், சமையல்காரர் எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலமே நம் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சோதனை போட்டான். அரிசி டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். எஜமானர் குப்பையில் போட்ட ஒரு சக்கர மூடியை உன் அம்மா உப்புப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள், அதை எடுத்துக்கொண்டு போய் 'பார், இதுவும் திருட்டு' என்று காட்டினார்கள். போலீசுக்குப் போகவில்லை. போனால் ஒளித்து வைத்த கார்கள் வெளியே தெரிந்துவிடுமே. கேஸ் போட்டிருந்தால் நான் நீதிபதி முன்னால் நின்று வாதாடியிருப்பேன். கேஸும் இல்லை, தீர்ப்பும் இல்லை, பெயர் மட்டும் போயிற்று.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். எஜமானர் என் சட்டையைப் பிடித்திருந்த அந்த நொடியில் என் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் காரில் நம்பர் இன்னோர் இடத்திலும் உண்டு. அதற்கு எட்டு வருஷம் முன்னால் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாற்றக் காருக்கு அடியில் படுத்திருந்தபோது பார்த்தேன். கீழ்ச்சட்டத்தில், எஃகிலேயே, ஆழமாக, அதே நம்பர் அடித்திருந்தது. ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன், ஓர் எழுத்து மாறவில்லை. துருப்பிடிக்கக் கூடாது என்று மேலே தார் பூசி மூடிவிட்டேன். இதைப் போய் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட அன்று தோன்றவில்லை. அந்த நம்பரைக் காட்டியிருந்தால் அங்கேயே என் பெயர் துலங்கியிருக்கும். வாயைத் திறந்தேன். ரசம் என்று அவன் சொன்னான். மூடிக்கொண்டேன்.

காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் யோசித்துப் பார். எனக்குப் பெயர் திரும்பும். அவர்களுக்குக் கார் திரும்பும், நல்ல விலைக்குப் போகும். என் நியாயமும் அவன் லாபமும் ஒரே இரும்பில் அடித்த ஒரே நம்பரில் இருந்தன. நம்பர் இல்லாத கார் வெறும் தகரம் என்று அந்த நிபுணரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருக்கட்டும், தகரமாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் திருடனாக இருக்கிற வரைக்கும் அவன் அதை விற்க முடியாது. அந்தப் பேரத்துக்கு நான் சம்மதித்தேன். யாரையும் கேட்காமல், உன்னையும் உன் அம்மாவையும் சேர்த்து அடகு வைத்துச் சம்மதித்தேன்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் எஜமானரின் அண்ணனுக்கு ஓர் அஞ்சலட்டை போயிற்று. விறகுக் கொட்டகைக்குப் பின்னால் பார்க்கவும் என்று கன்னடத்தில் ஒரே வரி. எழுதியது நான்தான், இடது கையால். கோர்ட்டிலிருந்து அமீனா வந்து லாயத்துக்குச் சீல் வைத்தார். வழக்கு முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. வழக்கு இந்த வருஷம்தான் சமாதானத்தில் முடிந்தது என்று உனக்கே தெரியும். இத்தனை வருஷமும் ஒவ்வோர் ஆனி ஆடி மழைக்கும் நான் சந்தோஷப்பட்டேன் மாதேசு. லாயத்துக் கூரையில் எந்த ஓடு உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், எந்தக் கார்மேல் ஒழுகும் என்றும் தெரியும். மரத்தடியில் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டு, கையை நனைத்துப் பார்த்து, 'ஒழுகு, நல்லா ஒழுகு' என்று சொல்வேன். வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு அந்தச் சுவர் ஓரமாக நடந்து போவேன். எலி தோல் சீட்டைத் தின்னட்டும், கரையான் மரச்சட்டத்தைத் தின்னட்டும். ஆனால் பச்சைக் காரை நினைத்தால் மட்டும் வயிறு எரியும். அது என்ன பாவம் செய்தது? முதல் சுழற்றலிலேயே கிளம்புகிற வண்டி. அந்த எரிச்சலையும் அவன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

இப்போது உன் அம்மாவுக்கு வருகிறேன். இதைத்தான் எழுத முடியாமல் இரண்டு பக்கமாக வேறு கதை பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு அவள் பித்தளை விளக்கைத் தொட்டதில்லை, கவனித்திருக்கிறாயா? குத்துவிளக்கைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு சின்ன எவர்சில்வர் விளக்கு வாங்கி வந்தாள். ஏன் என்று நீ கேட்டதற்குத் தேய்க்க முடியவில்லை, முழங்கை வலிக்கிறது என்றாள். வலியெல்லாம் ஒன்றும் இல்லை. "எங்கையாலதானுங்க உங்க பேரு போச்சு" என்று என்னிடம் எத்தனையோ முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான், "விடு, போனது போச்சு" என்றேன். 'உன் கையால் ஒன்றும் போகவில்லை, நம்பர் பத்திரமாக இருக்கிறது' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பாள். சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே செருப்பைக்கூட மாட்டாமல் பங்களாவுக்கு ஓடியிருப்பாள். என் பெயரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருப்பாள், அவர்களுக்குக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு. அதற்குப் பயந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் என் கையைத் தடவிக்கொண்டு, "அந்தப் புளியத் தொட்டிருக்கவே கூடாதுங்க" என்றாள். அப்போதும் நான் பேசவில்லை. பகையை மட்டும் சாகவிடாமல் வளர்த்தேன், அவளைப் போகவிட்டேன். என்னை நீ திட்டுவதென்றால் இதற்குத் திட்டு. மற்றதற்கெல்லாம் நான் தலைகுனிய மாட்டேன்.

நீ இந்தத் தொழிலுக்குப் போனபோது என்னைக் குத்திக்காட்டத்தான் போகிறாய் என்று நினைத்தேன். இன்ஜினியரிங் படித்துவிட்டுப் பழைய கார் பின்னால் சுற்றுகிறானே என்று எல்லோரிடமும் அலுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் படத்தைக் காட்டினாயே, பச்சைக் கார், மேலே விரல்கடை உயரத்துக்குத் தூசி. "ப்பா, யாரும் துடைக்கக் கூடாதுன்னு அந்த ஓனரே சொல்லிட்டார். தூசியோட இருந்தாத்தான் விலை" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பத்தொன்பது வருஷம் துடைத்துத் துடைத்து விலையைக் குறைத்திருக்கிறேன் பார். அப்புறம் நீ சொன்னாய், நம்பர் கிடைக்காவிட்டால் 'அடையாளத் தகடு ஒரிஜினல் அல்ல' என்று அறிக்கையில் எழுதவேண்டி வரும் என்று. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாய். பெட்டிக்கடை வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நீயும் இத்தனை வருஷமாக அந்த நம்பரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாய். அதற்காகவே இந்தத் தொழிலுக்குப் போயிருக்கிறாய். நான் வாயைத் திறக்காவிட்டால், உன் அப்பன் திருடன் என்று உன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுவாய். அந்த மகன் சொன்ன பொய்க்கு என் மகன் முத்திரை குத்துவதா? அதுவரைக்கும் என் பழிவாங்கல் இனித்தது, அங்கே நின்றபோது கசந்துவிட்டது.

அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. வழியை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். உன் சந்தையைப் பற்றி நானும் யோசித்தேன். இந்தக் கார்களைச் சின்ன வயதில் தெருவில் பார்த்து ஏங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உன் வயதுக்காரன் கேட்பது அவன் அப்பாவால் வாங்க முடியாமல் போன ஜீப்பையும், காலேஜ் வாசலில் சத்தம் போட்ட பைக்கையும். உனக்குப் பின்னால் வருகிறவனுக்குப் பெட்ரோல் வாசனையே தெரியாது, சத்தமில்லாத பேட்டரி வண்டியில் வளர்கிறவன் அவன். அவன் எதை வாங்குவான்? இரும்பை வாங்க மாட்டான், இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிற கதையைத்தான் வாங்குவான். யார் வைத்திருந்தது, யார் ஒளித்தது, யார் கை பட்டது என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் கிடந்த வண்டிக்கு இன்று இருக்கிற மவுசே அதுதானே. அப்படியென்றால் உன் பேனாவுக்குத்தான் இனி வேலை. அறிக்கையில் அந்தக் காரின் வரலாறு என்று ஒரு பக்கம் வரும் என்றாயே, அதில் எழுது. இன்னார் பத்தொன்பது வருஷம் பராமரித்தார். அவருடைய மனைவி ஆயுத பூஜைக்கும் யுகாதிக்கும் புளி போட்டுத் துலக்கியதால் தகடு தேய்ந்தது. தகட்டைத் திருடியதாக உரிமையாளர் குடும்பம் அவர்மேல் போட்ட பழி பொய். எங்கள் இருவர் பெயரையும் முழுசாக எழுது. எழுதினால்தான் தேய்ந்த தகட்டுக்கு விளக்கம் கிடைக்கும், விளக்கம் இருந்தால்தான் விலை வரும். விலை வேண்டுமென்றால் அதன் அடியில் அவன் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். பிறகு அந்தக் கார் எந்தத் தேசத்துக்குப் போனாலும், எத்தனை கை மாறினாலும், அந்தத் தாளும் கூடவே போகும். கார் நல்ல விலைக்குப் போகட்டும், எனக்கு இனி அதில் வருத்தமில்லை.

இடம் சொல்கிறேன். காரின் பின்பக்கம், வலது கைப்பக்கச் சட்டம், பின்அச்சுக்கு மேலே வளைந்து போகிற இடத்தில், உள்முகமாக. நின்று பார்த்தால் தெரியாது, குனிந்தாலும் தெரியாது. மல்லாந்து படுத்து, அடியில் நுழைந்து, முகத்துக்கு நேரே பார்க்க வேண்டும். நீ படுக்காதே. உன்கூட வருகிறவரையும் படுக்க விடாதே. போனை உள்ளே நீட்டிப் படம் எடுக்கிற வேலையையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள். ஜாக்கி போட்டுத் தூக்கலாமா என்று கேட்பார்கள், மழையில் நனைந்த சட்டம் தாங்காது என்று சொல், அது உண்மையும்கூட. உரிமையாளரே நேரில் படித்தால் சந்தேகத்துக்கு இடமில்லை என்று சொல்லி அவனைப் படுக்கவை. கோணி விரிக்கச் சொல்வான், விரித்துக்கொள்ளட்டும், நானும் கோணிமேல்தான் படுத்தேன். எஜமானரைச் சக்கர நாற்காலியோடு முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வரச் சொல். ஆர்.சி. புத்தகத்தை அவர் மடியில் வை. மகன் கீழே கிடந்து ஒவ்வோர் எழுத்தாகச் சத்தம் போட்டுப் படிக்கட்டும், அப்பா மேலே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கட்டும். கடைசி எழுத்துவரை சரியாக வரும். அது முடிந்த பிறகு நீ யார் என்று சொல். அதற்கு முன்னால் சொல்லாதே.

நான் பூசிய தார் கெட்டியாக இருக்கும், அது முதலில் மண்ணெண்ணெய்க்குப் போகும். தாருக்கு அடியில் கொஞ்சம் துரு நிற்கும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதே, எழுத்து கெட்டுவிடும். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். உன் அம்மாவின் ஜாடியில் மிச்சமிருந்த புளி. கறுத்துப் போயிருக்கிறது, ஆனால் புளிப்பு போகவில்லை. இது எஃகில் ஆழமாக அடித்த எழுத்து, எத்தனை தேய்த்தாலும் போகாது. தண்ணீரில் நனைத்து அவன் கையில் கொடு. எதற்கு இது என்று கேட்பான்.

ரசம் வைக்க என்று சொல்.

உன் அப்பா